நீதிமன்றத்தில் நிற்கும் சட்டம்: ராபர்ட் வாக்னரின் ஆல்பனி ஆண்டுகள்

அமேசான் கிடங்கிலோ ஸ்டார்பக்ஸ் கடையிலோ தொழிற்சங்கம் அமைப்பது பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ‘வாக்னர் சட்டம்’ என்ற பெயரும் கூடவே தலைகாட்டும். சங்கம் சேரவும் கூட்டுப்பேரம் பேசவும் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு 1935இல் உரிமை தந்த கூட்டாட்சிச் சட்டம் அது. பெரும்பாலான செய்திக் குறிப்புகள் அதை அன்றைய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ சீர்திருத்தத் திட்டத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதைக் கொண்டுவந்தவர் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால்தான், அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது விளங்கும்.

ராபர்ட் ஃபெர்டினாண்ட் வாக்னர் ஒரு வழக்கறிஞர். 1905 முதல் 1918 வரை, நடுவில் ஓராண்டு நீங்கலாக, நியூயார்க் மாநில சட்டமன்றத்தில் இருந்தார். மேடைப் பேச்சில் அவர் யாரையும் மயக்கியவர் அல்லர். கொள்கை விளக்க நூல் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவும் இல்லை. அவர் அங்கே கற்றுக்கொண்டது ஒரு கைத்திறன்: சாட்சியத்தை மலைபோலச் சேர்த்து, அதன்மேல் சட்டத்தை எழுதி, நீதிபதிகளால் எளிதில் தள்ளிவிட முடியாதபடி செய்வது. அந்தத் திறன் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாநில சட்டமன்றம் அன்று என்னவாக இருந்தது

நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனி. நியூயார்க் மாநகரிலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே வடக்கே சுமார் 230 கிலோமீட்டர். சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: 150 பேர் கொண்ட அசெம்பிளி, 51 பேர் கொண்ட மாநில செனட். அசெம்பிளி உறுப்பினரின் பதவிக்காலம் அன்று ஒரே ஆண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் வாக்காளர் முன் போய் நிற்க வேண்டும். செனட் உறுப்பினருக்கு இரண்டு ஆண்டுகள்.

சம்பளம் ஆண்டுக்கு 1,500 டாலர். கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடும். வேறு வருமானம் இல்லாமல் இந்த வேலைக்கு வர முடியாது. ஆகவே, நீதிமன்ற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு வரக்கூடிய வழக்கறிஞர்களே அவைகளில் நிறைய இருந்தார்கள்.

ஆனால் சம்பளத்தை வைத்து அதிகாரத்தை எடைபோடக் கூடாது. தொழிற்சாலையில் எத்தனை மணி நேரம் வேலை, கதவு எப்படி இருக்க வேண்டும், எத்தனை வயதுப் பிள்ளை வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் மாநிலத்தின் கையில் இருந்தன. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தைத்தான் ஒழுங்குபடுத்தலாம், உற்பத்தி அதில் சேராது என்பதே அன்றைய உச்ச நீதிமன்றத்தின் நிலை. குழந்தைத் தொழிலைத் தடுக்கக் காங்கிரஸ் 1916இல் கொண்டுவந்த சட்டத்தைக்கூட 1918இல் அந்த நீதிமன்றம் ரத்து செய்தது. போதாக்குறைக்கு, 1913 வரை அமெரிக்க செனட் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவையும் மாநில சட்டமன்றங்களே.

யார்க்வில் வழியாக ஆல்பனிக்கு

வாக்னர் பிறந்தது 1877இல், ஜெர்மனியின் நாஸ்டேட்டன் என்ற ஊரில். எட்டு, ஒன்பது வயதில் பெற்றோருடன் நியூயார்க் வந்தார். மன்ஹாட்டனில் ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த யார்க்வில் பகுதியில் வளர்ந்தார். அப்பா வாடகைக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் காவலும் பராமரிப்பும் பார்த்தவர். கட்டணம் இல்லாத சிட்டி காலேஜில் 1898இல் பட்டம். நியூயார்க் லா ஸ்கூலில் சட்டம். 1900இல் வழக்கறிஞராகப் பதிவு.

அந்தப் பகுதியில் அரசியல் என்றால் டாமனி ஹால். ஜனநாயகக் கட்சியின் மன்ஹாட்டன் அமைப்புக்கு அதுதான் பெயர். குளிர்காலத்தில் நிலக்கரி, வேலை இல்லாதவனுக்கு மாநகராட்சி வேலை, போலீஸ் பிடித்தால் ஜாமீன் என்று வட்டாரத் தலைவர்கள் செய்துகொடுப்பார்கள். தேர்தல் நாளில் ஓட்டு வந்து சேரும். ஒப்பந்தங்களில் கமிஷன், பதவி விற்பனை என்று அதன் மறுபக்கம் நாறியதும் உண்மை. 1902 முதல் 1924 வரை அதை ஆண்டவர் சார்லஸ் மர்ஃபி. வாய் திறந்து நாலு வார்த்தை பேசாமலே காரியம் முடிப்பவர் என்று பெயர் வாங்கியவர்.

1904 தேர்தலில் வென்று அசெம்பிளிக்குப் போன வாக்னர், அடுத்த ஆண்டே தோற்று, மறுபடி 1907இல் வந்தார். அந்த ஆண்டு நடந்த ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். புரூக்ளினிலிருந்து கோனி ஐலண்ட் கடற்கரைக்குப் போகும் ரயிலுக்குப் 10 சென்ட் கட்டணம். அதை 5 சென்ட் ஆக்கும் மசோதாவை வாக்னர் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் தொழிலாளிக்கு அது பெரிய தொகை, மசோதா நிறைவேறியது. ஆளுநர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அதைத் தடுத்துவிட்டார். உண்மை நிலவரத்தை ஆராயாமல், கணக்கைப் பார்க்காமல் சட்டமன்றம் கட்டணம் நிர்ணயிக்கக் கூடாது, அதற்கென்று ஆணையம் வேண்டும் என்பது அந்த ஆண்டின் கட்டண மசோதாக்களில் ஹியூஸ் எடுத்த நிலை.

ஹியூஸும் வழக்கறிஞர். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் ஊழலை 1905இல் தோண்டிய சட்டமன்றக் குழுவுக்கு வழக்கறிஞராக இருந்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே ஆளுநர் நாற்காலிவரை வந்தவர். அவர் அந்தக் குழுவில் அசத்திய ஆண்டில் வாக்னர் புதுமுக உறுப்பினர்.

மூன்றாவது வாசல்

ஒரு மசோதா அசெம்பிளியைத் தாண்டி, செனட்டைத் தாண்டி, ஆளுநரின் கையெழுத்தையும் பெற்றுவிட்டால் சட்டம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் தொழிலாளர் சட்டங்களுக்கு அதற்கு மேலும் ஒரு வாசல் இருந்தது: நீதிமன்றம்.

அமெரிக்க அரசமைப்பின் 14ஆவது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இன்றி எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. அந்தச் ‘சுதந்திர’த்துக்குள் ஒப்பந்தம் செய்யும் சுதந்திரமும் அடங்கும் என்று நீதிபதிகள் பொருள்கொண்டார்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க ஒரு தொழிலாளி ‘சம்மதித்தால்’ அதைத் தடுக்க அரசு யார் என்பது வாதம். எதிர்ப்பக்கத்தில், மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்க மாநிலத்துக்குள்ள பொது அதிகாரம். எந்தச் சட்டம் எந்தப் பக்கம் விழும் என்பதை நீதிபதிகளே முடிவு செய்தார்கள். நியூயார்க் சட்டங்களுக்கு நேர்ந்த கதி இது:

1. 1905, லாக்னர் வழக்கு. ரொட்டிக் கடைத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வரம்பு வைத்த நியூயார்க் சட்டம், அதை இயற்றிய அவைகளில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 5-க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. ரொட்டி சுடுவது உடல்நலத்துக்கு அப்படியொன்றும் ஆபத்தான வேலை இல்லை என்று ஐந்து நீதிபதிகள் கருதினார்கள்.

2. 1907, வில்லியம்ஸ் வழக்கு. பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்வதைத் தடுத்த விதி. புத்தகம் கட்டும் கூடம் ஒன்றில் இரவு 10 மணிக்குப் பிறகு ஒரு பெண் வேலை செய்ததாக வழக்கு. இந்த விதிக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. (நியூயார்க்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் உச்சியில் இருப்பது. அங்கே ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது வழக்கு முதலில் விசாரணைக்கு வரும் இடம். வாக்னரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது.)

3. 1911, ஐவ்ஸ் வழக்கு. வேலையில் காயமடைந்தவருக்கு, முதலாளி மீது தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்ற 1910ஆம் ஆண்டுச் சட்டம். தவறு செய்யாதவரிடம் பணம் வாங்குவது சொத்தைப் பறிப்பதே என்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு நாள் 1911 மார்ச் 24.

இரண்டாவது தோல்வியும் மூன்றாவது தோல்வியும் ஒரே வகை அல்ல. வில்லியம்ஸ் வழக்கில் இல்லாமல் போனது ஆதாரம். ஐவ்ஸ் வழக்கில் ஆதாரம் இருந்தது. சட்டத்துக்கு முன் ஒரு ஆணையம் விசாரித்து அறிக்கையே தந்திருந்தது. நீதிமன்றம் அந்த அறிக்கையைப் பாராட்டிவிட்டு, அரசமைப்பு இடம் தரவில்லை என்று சொல்லிவிட்டது. முதல் நோய்க்கு மருந்து சாட்சியம். இரண்டாவதற்கு அரசமைப்பையே திருத்த வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டதுதான் வாக்னர் தரப்பின் கெட்டிக்காரத்தனம்.

1911 மார்ச்சின் கடைசி வாரம்

ஐவ்ஸ் தீர்ப்பு வந்த மறுநாள், மார்ச் 25, சனிக்கிழமை. மன்ஹாட்டனில் ஆஷ் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய டிரையாங்கிள் ரவிக்கைத் தொழிற்சாலையில் வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், யூத, இத்தாலியக் குடியேறிகள்.

கட்டடத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பத்து மாடி, ‘தீப்பிடிக்காத கட்டடம்’ என்று பெயர். பெயர் பொய்யும் இல்லை. தீ அணைந்த பிறகு கட்டடம் அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்கள்தான் இல்லை. விதிப்படி மூன்று படிக்கட்டுகள் வேண்டும், இருந்தவை இரண்டு. பின்சுவரில் இருந்த மெல்லிய இரும்பு ஏணியை மூன்றாவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கட்டடத் துறை சம்மதித்திருந்தது. அந்த ஏணி ஆட்களின் எடை தாங்காமல் சரிந்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கப் படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் எல்லாரும் ஒரே வழியாகப் போனால்தான் கைப்பையைச் சோதிக்க முடியும், துணி திருட்டுப் போகாது என்பது முதலாளிகளின் ஏற்பாடு. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை.

உரிமையாளர்கள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் மீது வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்று நீதிபதி நடுவர் குழுவுக்குச் சொன்னார். டிசம்பரில் இருவரும் விடுதலை. பின்னர் 1914இல் உரிமையியல் வழக்குகள் முடிந்தபோது, ஓர் உயிருக்கு 75 டாலர்.

அந்த வாரம் ஆல்பனியில் வேறு அமளி. அமெரிக்க செனட் இடத்துக்கு டாமனி நிறுத்திய வில்லியம் ஷீஹனை ஏற்க முடியாது என்று ஜனநாயகக் கட்சியின் ஒரு கூட்டம் ஜனவரியிலிருந்து முரண்டுபிடித்தது. தலைமை தாங்கியவர் புதிதாக மாநில செனட்டுக்கு வந்திருந்த 29 வயது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். எதிர்ப்பக்கத்தில் டாமனியின் அவைத்தலைவராக, 33 வயது வாக்னர். மார்ச் 29 அன்று மாநில சட்டமன்றக் கட்டடத்திலேயே தீப்பிடித்து மாநில நூலகம் அழிந்தது. 31ஆம் தேதி ஜேம்ஸ் ஓ’கோர்மன் என்ற சமரச வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து ஓய்ந்தார்கள்.

ஆணையம் எப்படி வேலை செய்தது

டிரையாங்கிள் சாவுகளுக்குப் பிறகு நகரில் எழுந்த கொந்தளிப்பு ஆல்பனிக்கு வந்து சேர்ந்தது. ஜூன் 30 அன்று ஆளுநர் ஜான் டிக்ஸ் கையெழுத்திட்ட சட்டம் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. ஒன்பது பேர். தலைவர் வாக்னர், துணைத் தலைவர் அசெம்பிளியில் டாமனி அணியை நடத்திய அல் ஸ்மித். தொழிற்சங்கத் தரப்பில் சாமுவேல் காம்பர்ஸ், பெண் தொழிலாளர் இயக்கத்திலிருந்து மேரி டிரையர், கட்டட உடைமையாளர் தரப்பில் ராபர்ட் டவுலிங் என்று எதிரெதிர் ஆட்களை ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள்.

அதற்குக் கிடைத்த அதிகாரங்களில்தான் சூட்சுமம் இருந்தது:

1. தீ விபத்தோடு நிற்காமல், மாநிலம் முழுவதும் தொழிற்கூடங்களின் நிலையை ஆராயலாம். சுகாதாரம், நச்சுப்பொருள், வேலை நேரம், குழந்தைத் தொழில் எல்லாம் அடங்கும்.
2. சம்மன் அனுப்பிச் சாட்சிகளை வரவழைத்து, சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம்.
3. நிபுணர்களை நியமிக்கலாம்.
4. சட்ட முன்வரைவுகளைத் தானே எழுதி அவைக்கு அனுப்பலாம்.

நான்காவதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எத்தனையோ விசாரணை ஆணையங்கள் அறிக்கை தரும். அது அலமாரிக்குப் போகும். இங்கே அறிக்கை எழுதியவரும் மசோதாவை அவையில் நகர்த்த வேண்டியவரும் ஒருவரே. ஆணையத் தலைவர் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர்.

முதல் ஆண்டில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களில் ஆய்வு. 200-க்கும் மேற்பட்ட சாட்சிகள். அவர்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் பதிவானது. சுகாதார ஆய்வை மருத்துவர் ஜார்ஜ் பிரைஸ் நடத்தினார். நுகர்வோர் சங்கத்திலிருந்து வந்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் ஆய்வாளராகச் சேர்ந்தார். டிரையாங்கிள் தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர் அவர். பிற்காலத்தில் ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் தொழிலாளர் துறைச் செயலாளர்.

ஆணைய உறுப்பினர்களைக் காகிதத்தோடு விட்டுவிட பெர்கின்ஸ் தயாராக இல்லை. ஒரு தொழிற்சாலையில் ‘தீத்தப்பு வழி’ என்று எழுதியிருந்தது. சுவரில் ஒரு சின்ன ஓட்டை. அதற்கு வெளியே பனி உறைந்த செங்குத்தான இரும்பு ஏணி. அது தரைக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் முடிந்துவிடும். செனட் தலைவர் வாக்னரை அந்த ஓட்டைக்குள் தவழ்ந்து போகவைத்தார் பெர்கின்ஸ். பத்து மணி நேர இரவு வேலை முடிந்து, கயிறு திரிக்கும் ஆலையிலிருந்து பெண்கள் வெளியே வருவதைப் பார்க்க அல் ஸ்மித்தை விடியற்காலையில் கூட்டிப்போனார். காய்கறி பதப்படுத்தும் ஆலைகளில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்ததையும் ஆணையம் கண்டது.

ஒரு மசோதாவின் பேரம்

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வாரத்துக்கு 54 மணி நேர வரம்பு கேட்கும் மசோதா 1912இல் வந்தது. ஆணையத்துக்கு முன்பிருந்தே பெர்கின்ஸ் அதற்காக ஆல்பனியில் நடையாய் நடந்துகொண்டிருந்தார். பதப்படுத்தும் ஆலை முதலாளிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மர்ஃபிக்கும் அவர்களைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. எனவே பழைய தந்திரம்: ஒரு அவை ஒரு வடிவத்தை நிறைவேற்றும், மற்ற அவை வேறு வடிவத்தை நிறைவேற்றும், இரண்டும் சேராமல் மசோதா சாகும். இரு அவைகளுக்கும் ‘நாங்கள் ஆதரித்தோம்’ என்ற நற்பெயர்.

பெர்கின்ஸ் பதப்படுத்தும் ஆலைகளுக்கு விலக்களிக்கும் வடிவத்தையே ஏற்றுக்கொண்டு தந்திரத்தை முறித்தார். அவரை அனுப்பிய சங்கம் அதற்கு அனுமதி தந்திருக்கவில்லை. ஓட்டு குறையும் என்ற நிலையில், நியூயார்க் படகுக்குக் கிளம்பியிருந்த டாமனியின் பழம்பெருச்சாளி ‘பிக் டிம்’ சல்லிவனும் அவருடைய உறவினரும் திரும்பி ஓடிவந்து வாக்களித்தார்கள். மசோதா நிறைவேறியது. இந்த மசோதாவில் ரூஸ்வெல்ட் பெரிய அக்கறை காட்டவில்லை என்று பெர்கின்ஸ் பிற்காலத்தில் எழுதினார். ஊழல் அமைப்பின் ஆட்கள் ஓடிவந்தார்கள், ஊழலை எதிர்த்த கனவான் ஒதுங்கி நின்றார்; அந்தக் காலத்து ஆல்பனியை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டிகளில் அடைக்க முடியாது. பதப்படுத்தும் ஆலைகள் அடுத்த ஆண்டு சட்டத்துக்குள் வந்தன, ஆனால் தளர்வான வரம்புகளோடு.

1913இல் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில். ஸ்மித் அசெம்பிளி சபாநாயகர், வாக்னர் செனட் தலைவர். மசோதாக்கள் சரம்சரமாக நிறைவேறின. ஆணையத்தின் பணியிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது. கதவுகள் கூடியவரை வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தீ ஒத்திகை கட்டாயம். ஒரு மாடியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வெளியேறும் வழிகளை வைத்து வரம்பு. ஏழாவது மாடிக்கு மேல் 200 பேருக்கு அதிகமாக வேலை செய்தால் தானியங்கி நீர்த்தெளிப்பான். தொழிலாளர் துறையைத் திருத்தி அமைத்து, விதிகளை வகுக்கும் தொழில் வாரியம் ஒன்றையும் கொடுத்தார்கள்.

நீதிமன்றத்தில் என்ன ஆயிற்று

முதலில் இரவு வேலை. பெண்கள் இரவு 10 முதல் காலை 6 வரை தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்று 1913இல் மறுபடியும் சட்டம். 1907இல் ரத்தான அதே சங்கதி. ஷ்வைன்லர் அச்சகம் மீது வழக்கு வந்தது. 1915இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறை சட்டம் செல்லும் என்றது. வில்லியம்ஸ் வழக்கின்போது தங்கள் முன் இல்லாத உண்மைகள் இப்போது சட்டமன்ற விசாரணையின் வழியே வந்திருக்கின்றன என்று காரணம் சொல்லி, தொழிற்சாலை ஆணையத்தின் அறிக்கையைச் சுட்டிக்காட்டியது. எட்டு ஆண்டுகளில் அந்த 14ஆவது திருத்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது சாட்சியக் கட்டின் கனம்.

இந்தச் சட்டத்துக்கு விலையும் உண்டு. நல்ல கூலிக்கு இரவில் வேலை பார்த்த பெண் அச்சுக்கோப்பாளர்களும் மெய்ப்புத் திருத்துபவர்களும் அதனால் வேலை இழந்தார்கள். அவர்கள் போராடிப் பின்னாளில் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. பெண்களைப் ‘பாதுகாக்கும்’ சட்டம்தான் நீதிமன்றத்தில் எடுபடும் என்பதால் அந்த வழியில் போனவர்கள், அதன் சுமையை யார் தலையில் இறக்கினார்கள் என்பதை அவ்வளவாக யோசிக்கவில்லை.

அடுத்தது விபத்து இழப்பீடு. இங்கே சாட்சியம் உதவாது என்பது ஐவ்ஸ் தீர்ப்பிலேயே தெரிந்துவிட்டதால், மாநில அரசமைப்பைத் திருத்தினார்கள். அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றி, பிறகு வாக்காளர்களும் ஒப்ப வேண்டும். 1913 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்பினார்கள். டிசம்பரில் புதிய இழப்பீட்டுச் சட்டம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் அதை ஏற்றது.

டாமனி ஏன் ஒத்துழைத்தது

மர்ஃபிக்கு ஞானோதயம் வந்ததாக எண்ண வேண்டாம். தையல் தொழிற்சாலைகள் நிறைந்த கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனில் சோஷலிஸ்டுகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1914இல் அங்கிருந்து மேயர் லண்டன் (பதவி அல்ல, ஆளின் பெயரே அது) என்ற சோஷலிஸ்ட் காங்கிரசுக்கே தேர்வாகிப் போய்விட்டார். நிலக்கரி மூட்டையால் மட்டும் இனி அந்த ஓட்டுகளைத் தக்கவைக்க முடியாது என்பது மர்ஃபியின் கணக்கு. வாக்னரும் ஸ்மித்தும் அதே வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இது கணக்கு மட்டும் இல்லை. ஆனால் தலைவர் தலையசைக்காமல் அவர்களால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

அதற்கான கைம்மாறும் இருந்தது. மர்ஃபியோடு மோதிய ஆளுநர் வில்லியம் சல்ஸர் மீது, தேர்தல் நிதியைக் கணக்கில் காட்டவில்லை என்று 1913இல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்தது. அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் மர்ஃபிக்கு அடங்கியிருந்தால் அந்தக் கணக்கை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். துணை ஆளுநர் மார்ட்டின் கிளின் ஆளுநரானார். தற்காலிகத் துணை ஆளுநர் பொறுப்பு வாக்னருக்கு வந்தது. சீர்திருத்தத்தில் முன்னோடி, கட்சி அமைப்புக்கு விசுவாசி. இரண்டு வேலைகளையும் அவர் ஒரே ஆண்டில் செய்தார்.

நீதிபதி இருக்கையிலிருந்து வாஷிங்டனுக்கு

1918 தேர்தலில் மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதியாகத் தேர்வாகி, 1926 வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் பேசப்பட்ட தீர்ப்பு 1922இல் வந்தது. பெண்கள் மேலங்கி தைக்கும் தொழிலில் முதலாளிகளின் சங்கம் ஒப்பந்தத்தை மீறியபோது, தொழிற்சங்கம் கேட்ட தடையாணையை வாக்னர் வழங்கினார். வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் வாங்குவதற்கென்றே இருந்ததுபோல இருந்த கருவி அது. தொழிற்சங்கம் அதைப் பெற்றது அன்று வியப்பான செய்தி.

1926இல் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானார். அங்கே அவர் செய்தவை தனிக் கட்டுரைக்கானவை. ஆல்பனியின் கைவண்ணம் தெரியும் இடத்தை மட்டும் பார்க்கலாம். 1935 ஜூலை 5 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் முதல் பிரிவு எந்தக் கட்டளையும் இடுவதில்லை. அது உண்மைகளைக் கண்டறிந்து கூறுகிறது: சங்கம் சேரும் உரிமையை முதலாளிகள் மறுப்பதால் வேலைநிறுத்தங்கள் எழுகின்றன, அவற்றால் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் தடைபடுகிறது, ஆகவே காங்கிரஸ் தலையிடுகிறது. தொழிலாளர்களுக்காக எழுதிய வரிகள் அல்ல அவை, நீதிபதிகளுக்காக எழுதியவை.

ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் எஃகு நிறுவனம் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா ஆலையில் சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1937 ஏப்ரல் 12 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது. நிறுவனத்தின் இரும்புச் சுரங்கம், கப்பல், ரயில் எல்லாம் எத்தனை மாநிலங்களில் பரவியிருக்கின்றன என்பதை விரிவாக எடுத்துவைத்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ். ஆராயாமல் சட்டம் போடாதே என்று 1907இல் வாக்னரின் ஐந்து சென்ட் மசோதாவைத் திருப்பி அனுப்பிய அதே ஹியூஸ். நீதிமன்றத்தின் போக்கு அந்த ஆண்டில் மாறியதற்கு ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் உட்பட வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஆனால் நீதிபதிகள் மாற விரும்பினால் கால் ஊன்ற இடம் அந்தச் சட்டத்திலேயே இருந்தது.

54 மணி நேர மசோதாவில் நடந்ததுபோல இந்தச் சட்டத்திலும் ஒரு பேரம் உண்டு. பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. தெற்கு மாநிலங்களில் இந்த வேலைகளில் பெருமளவில் இருந்தவர்கள் கறுப்பின மக்கள். அந்த விலக்கு கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. நியூயார்க் பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் சேரும் உரிமை 2019இல் வந்தது. அதைத் தந்தது வாஷிங்டன் அல்ல, ஆல்பனி.